உலாவியில் பல்லாங்குழி: எண்ணைக் காட்டும் பலகை

பல்லாங்குழி என்பது இரண்டு வரிசைகளில் ஏழேழாக 14 குழிகள் கொண்ட பலகையில் இருவர் ஆடும் விளையாட்டு. புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி என எது கிடைத்தாலும் முத்தாகும். இதன் கணினி வடிவங்கள் இணைய உலாவியிலும் ஆடக் கிடைக்கின்றன. பதிவிறக்கம் வேண்டாம், எதிரே ஆளும் வேண்டாம். தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறியவர் கடற்கரை நிலையம் சேர்வதற்குள் இரண்டு மூன்று ஆட்டம் முடித்துவிடலாம். அந்த நெரிசலில் மரப்பலகையை விரிக்க முடியாது என்பதால் இந்த வசதி சிறியதன்று. ஆனால் நினைவாற்றலையும் திட்டமிடும் திறனையும் வளர்க்கும் ஆட்டம் என்ற அறிமுகத்தோடு இது மாணவர்களிடம் வரும்போது, அந்த இரண்டில் எது திரையில் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் முறை ஊருக்கு ஊர் வேறுபடும். பரவலான ஒரு முறையில், தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அந்தக் குழி வெறுமையாக இருந்தால், அதற்கு அடுத்த குழியில் உள்ளவை ஆடியவருக்கு. அத்துடன் முறை முடியும்.

குழிக்கு ஐந்தாக 70 முத்துகளுடன் தொடங்குவதாகக் கொள்வோம். எடுக்கும் குழியை 1 என வைத்துச் சுற்றுவரிசையில் எண்ணினால், முதல் கை 6இல் முடிகிறது. 7ஐ அள்ளினால் 12இல் முடிகிறது. 13ஐ அள்ளினால் ஒரு சுற்று கடந்து 4இல் நிற்கிறது. இப்போது 5ஆம் குழியில் இருப்பது ஐந்தல்ல, ஆறு. முதல் கையில் ஒன்று விழுந்திருக்கிறது. அதை அள்ளினால் 11 வரை போகும். 12இலும் ஆறு, அது மீண்டும் 4இல் கொண்டுவிடும். 5 வெறுமை. 6இல் இருக்கும் ஏழு முத்துகள் கிடைக்கும். ஐந்து முறை அள்ளி 27 முத்துகள் போட்ட பிறகு வரும் பலன் இது. எல்லாக் குழிகளும் சமமாக இருப்பதால் எங்கே தொடங்கினாலும் முதல் ஆட்டத்தில் ஏழுதான். அடுத்தவர் முறையிலிருந்துதான் தேர்வு என்பதே பிறக்கிறது.

இந்த ஓட்டத்தைக் கைவைக்கும் முன்பே மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது திட்டமிடல். எந்தக் குழியில் எத்தனை சேர்ந்தது என்று வைத்துக்கொண்டே வருவது நினைவு. மரப்பலகையில் இவை இரண்டும் பிரியாதவை. குவியலாகக் கிடக்கும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கிளறி எண்ணினால் எந்தக் குழியில் கண் இருக்கிறது என்று எதிரே இருப்பவர் தெரிந்துகொள்வார். எனவே எண்ணிக்கை தலைக்குள் இருந்தாக வேண்டும்.

உலாவி வடிவங்கள் பலவற்றில் ஒவ்வொரு குழியின் மேலும் எண் தெரிகிறது. பார்க்க இது சிறிய உதவி. ஆனால் நினைவின் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. சிலவற்றில் செய்த நகர்வைத் திரும்பப் பெறும் பொத்தானும் உண்டு. அதோடு திட்டமிடலும் தளர்கிறது. தட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பலாம். நான்கு முத்து சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று எடுக்கும் வழக்கத்தில், கவனிக்காமல் விட்டால் அடுத்த முத்து விழுந்து பசு போய்விடும். கணினி அதைத் தானே எடுத்து வைத்துவிடுகிறது. அழுகுணி ஆட்டத்துக்கு இடமில்லை என்பது மட்டும் லாபம். புதிதாகக் கற்பவருக்கு அதுவும் தேவைதான்.

மன்காலா என்று தேடுபவருக்கு அடிக்கடி கிடைப்பது பல்லாங்குழியே அன்று. ஆளுக்கு ஆறு குழியும் ஓரத்தில் சேமிப்புக் குழியும் கொண்ட அது, அமெரிக்கரான வில்லியம் சாம்பியன் 1940இல் வடிவமைத்த ‘கலா’. எண்கள் வெளிப்படையாகிவிட்ட இத்தகைய ஆட்டங்களில் மனிதர் கணினியோடு போட்டியிடுவது வெறும் கணக்கில் மட்டும். அதில் தோல்வி உறுதி. ஆப்பிரிக்காவின் ‘அவாரி’யை 2002இல் ஆம்ஸ்டர்டாமின் ரொமெய்னும் பாலும் 88,900 கோடிக்கும் மேற்பட்ட நிலைகளைக் கணித்து முழுமையாகத் தீர்த்துவிட்டனர். இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமனில் முடியும்.

மூளைக்குப் பயிற்சி என்ற விளம்பரத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அத்தகைய விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்திராவில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். வீட்டைக் கொண்டுவந்தவர்கள் திண்ணையை விட்டுவிட்டு வரவில்லை. உலாவிக்குப் பல்லாங்குழியைக் கொண்டுவருபவர்களுக்கும் அது கடினமான வேலையன்று. எண்ணை மறைத்து முத்துகளைக் குவியலாக மட்டும் காட்டலாம். பசுவை ஆடுபவரே தட்டி எடுக்கும்படி விடலாம். ஒரே சுற்றோடு வெற்றி தோல்வி அறிவிப்பதையும் கைவிடலாம். வீட்டு ஆட்டத்தில் தோற்றவர் மிஞ்சிய முத்துகளால் எத்தனை குழி நிரம்புமோ அத்தனையோடு அடுத்த சுற்றுக்கு உட்காருகிறார். மூன்றே குழியோடு தொடங்கி ஏழையும் மீட்டெடுக்கும் வாய்ப்பு அவருக்கு அங்கே உண்டு.