நிலமும் பொழுதும்: முள்ளிக்குளத்து மூதாட்டியர் நினைவுகள்

தன்வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஆண்டு வரிசையையே அளவுகோலாகக் கொள்வர். பிறப்பு, கல்வி, பணி, புகழ் என்னும் ஒழுங்கை அதில் எதிர்பார்ப்பர். மூத்த பெண்கள் வாய்மொழியாகச் சொல்லும் இளமை நினைவுகளும் குடும்ப நினைவுகளும் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதில்லை. ஆதலின் அவை ஒழுங்கற்ற பேச்சு எனத் தள்ளப்படுகின்றன. இம்முடிவு பொருந்துமா என்பதை முள்ளிக்குளத்தை முன்வைத்து நோக்கலாம்.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில், வில்பத்துக் காட்டிற்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த ஊர் இது. கடலும் குளமும் வயலும் காடும் ஒருங்கே வாய்த்தது. 2007 செப்டெம்பரில் போர்ச் சூழலில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2012இல் மீண்டவர்கள் அயற்காட்டுப் பகுதியிலேயே குடியமர நேர்ந்தது. 2017 மார்ச் 23 முதல் 38 நாள் நீடித்த அறப்போராட்டத்தில் பெண்கள் முன்னின்றனர். ஏப்ரல் 29இல், 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது.

இத்தகைய ஊரின் மூதாட்டி ஒருத்தி தன் இளமையைச் சொல்லும்போது ஆண்டுகளைத் தேடுவதில்லை. குளம் நிறைந்த காலம், மீன்பாடு மிகுந்த காலம், மாதா கோவில் திருநாள் என்பனவே அவளது காலக்கணக்கு. தாயின் சமையல், தந்தையின் வலை, உடன்பிறந்தாரின் பூசல் ஆகியன யாவும் ஏதேனும் ஓர் இடத்தைச் சார்ந்தே வெளிப்படும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின்மேல் அமைவன. மூதாட்டியின் நினைவும் இவ்வாறே அமைகின்றது. ஒழுங்கில்லை எனப்பட்ட பேச்சில் தமிழ்க் கவிதையின் பழைய ஒழுங்கே காணப்படுவது கருதத்தக்கது.

எழுதப்பட்ட தன்வரலாறுகளிலும் இதன் சாயல் உண்டு. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ உத்தமதானபுரத்தைக் கூறித் தொடங்குகின்றது. 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ம் ஊரை வருணித்தே தொடங்குகின்றது. எனினும் அவ்விரு நூல்களிலும் ஊர் தொடக்கமே. வாழ்க்கை அதனைக் கடந்து செல்கின்றது. முள்ளிக்குளத்து நினைவிலோ ஊரே தொடக்கமும் முடிவுமாகும். சொல்பவள் விரும்பியவாறு சென்று காண இயலாத நிலம் அது. முதற்பொருள் கைவிட்டுப் போனபின் உரிப்பொருள் மட்டும் எஞ்சி நிற்கும் நிலை, இரங்கலினும் கடுமையானது.

இந்நினைவுகளை நிலவுரிமைக்குச் சான்றாகக் கொள்வது நேர்மையே. ஆயினும் மனுவுக்கு வேண்டுவன எல்லையும் ஏக்கரும் உறுதிப்பத்திரமுமே; சிறுமி ஒருத்தியின் விளையாட்டிற்கு அங்கு இடமில்லை. அதனைக் கேட்டுப் போற்றுவது திறனாய்வின் கடன். மற்றொரு கடனும் உண்டு. இழந்த ஊர் நினைவில் பொன்னாகும் இயல்பினது. பெண்களின் ஓயாத உழைப்பும் வீட்டினுள் அவர்கள் பொறுத்தவையும் அவ்வொளியில் மறையக்கூடும். அவற்றையும் பரிவோடு கேட்டறிதல் வேண்டும். பொன்னை மட்டும் கேட்போர் ஊரைப் பெறுவர், பெண்ணை இழப்பர்.

2007க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று இளைஞராகிவிட்டனர். தம் மூத்தோர் வாழ்ந்த ஊரைப் பெரிதும் அவர்களின் சொல்வழியே அறிந்தவர்கள் இவர்கள். ஆதலின் இம்மூதாட்டியரின் நினைவுகளைச் சொன்ன முறை குலையாமல், ஆண்டு வரிசைக்குள் அடைக்காமல் பதிவு செய்தல், தமிழ் பயில்வோர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.