ஓலைப் பட்டையும் பதநீரும்

பனையின் பச்சை ஓலையை விரித்து, குழிவாக மடக்கி, அதன் நுனிகளை ஒன்றுசேர்த்து, அதே ஓலையிலிருந்து கிழித்த கீற்றால் முடிச்சிட்டுச் செய்யப்படும் தோணி போன்ற குடிகலமே தென்மாவட்டங்களில் பட்டை எனப்படுகிறது. பசையோ ஆணியோ தையலோ இல்லாத இக்கலம், ஓலையின் மடிப்புகள் இயல்பாகவே நெருங்கி அமைந்திருப்பதால் துளியும் ஒழுகுவதில்லை. கைப்பழக்கம் உள்ளவர் இதைச் சில நொடிகளில் முடித்துவிடுவது காணத் தகுந்த அழகு.

இதில் ஊற்றப்படும் பதநீர், பனம்பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி இறக்கப்படும் இனிய சாறாகும். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுப்பதாலேயே அது பதநீராக நிற்கிறது. சுண்ணாம்பு இல்லையேல் அதுவே கள்ளாகிவிடும். கோடையில் கிடைக்கும் இளநுங்கை, அதாவது முற்றாத பனங்காயின் கண்களில் உள்ள குளிர்ந்த சுளையை, அந்தப் பதநீரிலேயே பிதுக்கிப் போட்டுவிட்டால் பானம் முழுமை பெறுகிறது; அடுப்போ சர்க்கரையோ பனிக்கட்டியோ இதற்குத் தேவையில்லை. பச்சை ஓலையின் மணம் பதநீரில் இறங்குவதே இதன் தனிச்சுவை என்பதால், கண்ணாடிக் குவளையில் பருகும் பதநீர் இதற்கு ஒருபோதும் ஈடாகாது.

தமிழ்நாட்டின் மாநில மரமான பனை, பானத்தையும் கலத்தையும் ஒருசேரத் தருகிறது. பருகியபின் எறியப்படும் பட்டை சில நாட்களில் காய்ந்து அடுப்பெரிக்க உதவுகிறது.