போற்றுதலும் பார்த்தலும்

பொருள் தேடித் தலைவன் பிரிந்து போவதைப் பாலைத் திணைக்கு உரியதாக வகுத்தனர் நம் முன்னோர். பாலைக்குரிய பெரும்பொழுதுகளுள் ஒன்று வேனில். பிரிவையும் வெயிலையும் ஒருசேரக் கண்ட மரபு நம்முடையது. ஆயினும், பிரிந்திருந்தவளின் கண்ணீரைப் பாடிய அளவுக்கு அவளுடைய உழைப்பை நாம் பார்த்தோமா என்பது ஐயமே. ஆஸ்திரேலிய எழுத்தாளர் இருவரின் சிறுகதைகள் இந்த ஐயத்தை எழுப்புகின்றன. செட்டிநாட்டு வாசகருக்கு அவை அயலாகத் தோன்றமாட்டா.

ஹென்றி லாசனின் 'மந்தையோட்டியின் மனைவி' 1892இல் சிட்னியின் 'புல்லட்டின்' இதழில் வெளிவந்தது. மழை பொய்த்ததால் நொடித்துப்போன கணவன், ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தொலைவு போயிருக்கிறான். ஆறு மாதமாக அவனிடமிருந்து செய்தி இல்லை. ஆளரவமற்ற காட்டுவெளியில் நான்கு பிள்ளைகளோடும் ஒரு நாயோடும் மனைவி தனித்திருக்கிறாள். வீட்டுக்கடியில் பாம்பு புகுந்துவிட, பிள்ளைகளைச் சமையற்கட்டு மேசைமீது உறங்கவைத்து, கையெட்டும் தூரத்தில் தடியுடன் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். காட்டுத்தீ, வெள்ளம், மாட்டு நோய், இறந்துபோன குழந்தை என எல்லாம் அந்த விழிப்பில் நினைவுக்கு வருகின்றன. கணவனின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு தீயை அடித்து அணைத்தவள் அவள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நல்லுடை உடுத்தி, பார்ப்பார் ஒருவருமில்லாத பாதையில் உலாவச் செல்பவளும் அவளே. தீயணைத்த வீரத்தைவிட இந்தச் சிறு செய்கையே அவளுடைய மனத்திண்மையைக் காட்டுகிறது.

ஆயினும் லாசன் அவளுக்குப் பெயர் தரவில்லை. தனிமை அவளுக்குப் பழகிவிட்டது என்றும் கூறுகிறார். 'பழகிவிட்டது' என்னும் சொல் கேட்பவருக்குப் பெரும் ஆறுதல். சுமப்பவரின் பாரத்தை அது குறைப்பதில்லை.

இக்கதைக்கு மறுமொழி போல் அமைந்தது பார்பரா பேன்டனின் 'தேர்ந்தெடுக்கப்பட்ட பாத்திரம்'. அது அவருடைய 1902ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. இங்கும் கணவன் தொலைவில் இருக்கிறான். ஆட்டு உரோமம் கத்தரிக்கும் தொழிலாளி. மனைவியின் அச்சத்தை எள்ளி நகையாடுபவன். இரவில் ஒரு நாடோடி வீட்டை வளைக்கிறான். குதிரைக் குளம்போசை கேட்டு, குழந்தையை அணைத்தபடி அவள் வெளியே ஓடி, கிறிஸ்துவின் பெயரால் கூவியழைக்கிறாள். குதிரையில் வருபவன் பக்தியுள்ள கத்தோலிக்கன். நிலவொளியில் வெண்ணிற ஆடையும் குழந்தையுமாகத் தெரிந்தவளைத் தேவதாயின் காட்சி என்றே நம்பி, மெய்சிலிர்த்து, நில்லாமல் போய்விடுகிறான். அவள் கொலையுண்கிறாள். தான் கண்ட காட்சியை அவன் மகிழ்ந்து சொல்லும்போது, அவளைக் காப்பாற்ற நில்லாமலா வந்தாய் என்று பதறுகிறார் பங்குக்குரு.

இக்கதையைச் சமயப் பகையாகப் படிப்பது மேலோட்டமான வாசிப்பு. அவனுடைய தவற்றை உடனே உணர்ந்து பதறுபவர் ஒரு குருவே என்பதை மறத்தலாகாது. பேன்டன் சாடுவது பக்தியை அன்று. எதிரே நிற்கும் பெண்ணைக் காண மறுக்கும் போற்றுதலை. பீடத்தில் ஏற்றி வணங்கப்படுபவள் உதவி கேட்டாலும் அது நம் செவியில் விழுவதில்லை.

நம் செட்டிநாட்டுக்கு வருவோம். நகரத்தார் ஆடவர் பர்மா, மலாயா, இலங்கை எனக் கொண்டுவிற்கச் சென்ற நாள்களில், மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை மனைவியர் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர். இன்று அவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் பர்மாத் தேக்கையும், இத்தாலியப் பளிங்கையும், வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சின் குளிர்ச்சியையும் வியக்கின்றனர். அக்கினி நட்சத்திரத்தில் அதே முற்றத்து வெயிலில் வற்றலும் வடகமும் மோர்மிளகாயும் காயவைத்து, ஆண்டு முழுமைக்கும் வேண்டியதைச் சேமித்த கைகளை வியப்பவர் குறைவு. மணமான மகனை அதே வீட்டில் தனி அடுப்போடு வேறு வைக்கும் வழக்கத்தால், இளம் மருமகள்கூடத் தன் வரவுசெலவுக்குத் தானே பொறுப்பேற்றாள். ஆச்சியரின் சிக்கனத்தைப் பழமொழிபோல் பேசுகிறோம். அது என்ன விலையில் வந்தது என்று கேட்பதில்லை. அவ்வீடுகளுக்கு ஊருணித் தண்ணீர் சுமந்த ஏழைப் பெண்களோ அந்தப் பேச்சிலும் இடம்பெறுவதில்லை.

1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் முடங்கின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே பலரும் எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தனர். அந்த இழப்பைக் கணக்கேடுகள் சொல்லும். செய்தி வராத மாதங்களில் வளவில் விளக்கேற்றியவர்களின் இரவுகளைச் சொல்லும் ஏடு எது?

சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 'கடலுக்கு அப்பால்' (1959), 'புயலிலே ஒரு தோணி' (1972) என்னும் இரு நாவல்களில் அந்தப் போர்க்காலத்தை அழியாதபடி எழுதிவைத்தார். வட்டிக்கடைப் பெட்டியடியையும் படை முகாமையும் அவரளவுக்கு அறிந்து எழுதியவர் அரியர். ஆனால் அவருடைய உலகம் பெரிதும் ஆடவர் உலகம். தலைப்பே சுட்டுவதுபோல் கதை கடலுக்கு அப்பால் நிகழ்கிறது. இது அவருடைய குறை அன்று. தாம் வாழ்ந்த கரையை அவர் எழுதினார். இக்கரையைப் பற்றி அதற்கு ஈடான நாவல் இன்னும் தேவைப்படுகிறது என்பதே நாம் உணர வேண்டியது.

கணவர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் உழைக்க, வீட்டைத் தாங்கும் பெண்கள் இன்றும் நம் மாவட்டத்து ஊர்களில் உள்ளனர். அவர்களைப் பொறுமையின் வடிவம் என்று மேடையில் வாழ்த்துவது எளிது. வீட்டுக்குள் பாம்பு நுழைந்த இரவில் யாரை அழைத்தாய் என்று கேட்பது அரிது. அக்கேள்வியைக் கேட்டு, மறுமொழி வரும்வரை நின்று கேட்கும் எழுத்தே இன்று நமக்கு வேண்டும்.