விடுமுறைக் கட்டுரையில் இடம் பெறாத பிள்ளை

பள்ளி வாயிலை மிதித்தவர் எவரும் ஒருமுறையேனும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை ஒன்று உண்டு. ‘கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தேன்’ என்பது அதன் தலைப்பு. சிற்றூர்ச் சிறுவன் எழுதினால் புகைவண்டி ஏறிச் சென்னைக்குச் செல்வான். நிலையத்தில் மாமா காத்திருப்பார். முதல் நாள் கடற்கரை, மறுநாள் அருங்காட்சியகம், மூன்றாம் நாள் உயிர்க்காட்சிச் சாலை, இடையே ஒரு திரைப்படம். பட்டணத்துச் சிறுவன் எழுதினால் அதே வண்டி எதிர்த்திசையில் ஓடும். மாமா நின்ற இடத்தில் தாத்தா நிற்பார். கிணற்றில் நீச்சல், தோப்பில் மாங்காய், திண்ணையில் பாட்டி கதை. இரண்டு கட்டுரைகளும் ஒரே வரியில் முடியும்: இந்த விடுமுறையை என்னால் மறக்கவே முடியாது!

இதுவும் திறனாய்வுக்கு உரிய பொருளோ என்று புருவம் நெரிப்பர் புலவர் சிலர். உரிய பொருளே என்கிறோம் நாம். காப்பியம் கற்றோர் சிலர். இக்கட்டுரையை எழுதியோர் கோடிக்கணக்கினர். எழுத்து என்றால் இன்னது, எழுதத் தக்க வாழ்வு என்றால் இன்னது என்று பிஞ்சு நெஞ்சில் முதன்முதல் பதிய வைப்பது இதுதான். வார ஏடுகளின் கோடைச் சிறப்பிதழ்க் கதைகளும், சொந்த ஊர் நினைவில் உருகும் கட்டுரைகளும் இதன் வளர்ந்த பிள்ளைகளே. வேரைச் சோதிக்காமல் கிளையைக் குறை கூறிப் பயனில்லை.

எந்த விடுமுறை எழுத்தையும் மூன்று கேள்விகளால் அளக்கலாம். பயணம் போனது யார்? போகாமல் நின்றது யார்? திரும்பி வந்தவன் கொண்டுவந்தது என்ன? முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லி நின்றுவிடுகிறது நம் பள்ளிக் கட்டுரை. அதுவும் அரைகுறை விடை. கட்டடங்களின் பெயரை அடுக்குகிறானே தவிர, பயணச் செலவைக் கொடுத்தது யார் என்பதைச் சிறுவன் எழுதுவதில்லை. எழுதும்படி ஆசிரியரும் கேட்பதில்லை.

கோடையில் இடம் மாறித் தங்கும் பழக்கத்தை நம் நாட்டில் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் வெள்ளை ஆட்சியாளர்கள். சித்திரை பிறந்ததும் சென்னை மாகாண அரசே கோப்புகளைக் கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறிற்று. பெட்டி சுமந்தவனுக்கும் பங்கா இழுத்தவனுக்கும் கோடை விடுமுறை கிடையாது. அந்த வழக்கத்தின் சாயல் இன்றும் நம் கட்டுரைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் விடுமுறை உண்டு, எல்லா விடுமுறைக்கும் ஒரு பயணம் உண்டு, எல்லாப் பயணத்துக்கும் ஒரு மாமா உண்டு என்று அது எண்ணிக்கொள்கிறது.

மலையும் நகரமும்

இந்தத் தலைப்பைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலைக்குச் செல்வோம். 217 அடி உயரக் கோபுரம் நிற்கும் நகரம் அது. 14 கிலோமீட்டர்க் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் மக்கள் வெள்ளம். பள்ளிகள் மூடும் பருவத்தில் வரும் சித்திரைப் பௌர்ணமியில் அந்த வெள்ளம் கடலாகிறது. அரசு சிறப்புப் பேருந்துகளை விடுகிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி இரயிலும் ஓடுகிறது. சென்னைக்காரர் திருவண்ணாமலையை அடைவது எளிதாயிற்று. நல்லதே, மகிழ்கிறோம்.

ஆனால் அதே மாவட்டத்தில் மற்றொரு மலை உண்டு. ஜவ்வாது மலை என்பது அதன் பெயர். சமுனாமரத்தூர் அதன் தலைமை ஊர். மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கின்றனர். கேரளத்தார் அல்லர், மலையில் வாழ்வதால் அப்பெயர் பெற்ற தமிழ் பேசும் மக்கள். சாமையும் தேனும் பலாவும் விளையும் மலை அது. ஆனால் அங்குள்ள பல சிற்றூர்களில் பேருந்து நிற்கும் இடத்தை அடையவே வெகுதூரம் நடக்க வேண்டும். ஒரு மலையைச் சுற்றி வர ஊரே வண்டி கட்டுகிறது. மறு மலையிலிருந்து இறங்கி வர வண்டி இல்லை! ஒரே மாவட்டத்தில் இருக்கும் இந்த இரு மலைகளையும் அருகருகே வைத்து எழுதிய விடுமுறைக் கட்டுரை எங்கே?

அந்த மலைப் பிள்ளைக்குக் கோடை எவ்வாறு வருகிறது? உண்டு உறைவிடப் பள்ளி மூடப்படுகிறது. 1956-இல் காமராசர் ஆட்சி மாநிலம் எங்கும் கொண்டுசென்ற மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி விரிவாக்கிய சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டி ஆகிய மூன்றும் இந்த நாட்டு ஏழைப் பிள்ளையின் வயிற்றுக்கு அரசு வாக்களித்த பெரும் பேறுகள். ஆனால் பள்ளி மூடும் நாளில் பள்ளியின் அடுப்பும் ஓய்ந்துவிடுகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஆணையிட நேர்ந்ததே, ஏன்? விடுமுறை என்ற சொல் சிலர் வீட்டில் விருந்தாகவும் சிலர் வீட்டில் பட்டினியாகவும் பொருள்படுவதால் அன்றோ!

அந்தப் பிள்ளையும் சில வேளை ஊரை விட்டுப் புறப்படுகிறான். காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கும், கட்டட வேலை நடக்கும் நகரங்களுக்கும் பெற்றோர் போகும்போது கூடவே போகிறான். அவனும் பட்டணம் பார்த்தவன்தான். ஆனால் அவன் பார்த்த பட்டணம் அருங்காட்சியகம் அன்று. செங்கல் அடுக்கிய தளம். தாய் சாந்துச் சட்டி சுமக்க, தங்கையைத் தூளியில் ஆட்டிய மர நிழல். சூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர் கரும்பலகையில் அதே தலைப்பை எழுதுகிறார். அவன் என்ன எழுதுவான்? பக்கத்திலிருப்பவன் கட்டுரையைப் பார்த்து, கண்ணால் காணாத கடற்கரையைத் தானும் எழுதுகிறான். தன் வாழ்வு எழுதத் தகுதியற்றது என்னும் பாடத்தை அன்று அவன் கற்கிறான். இதைவிடக் கொடிய இலக்கியப் பயிற்சி வேறுண்டோ?

வெளியூர் போன பெரியவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததுமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றோர் எனக் கூறி 20 தமிழ்க் கூலிகள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை மாவட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வாண்டு கோடை விடுமுறை வந்தது. அவர்களாலும் அதை மறக்க முடியாதுதான்!

தாத்தா ஊர்ப் பாட்டு

இனி, எதிர்த்திசையில் ஓடும் வண்டியைக் கவனிப்போம். பட்டணம் நஞ்சு, பட்டிக்காடு அமுது என்று பாடும் எழுத்தாளப் பெருமக்கள் பலர் உளர். பட்டணத்தில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு ஊர்க்குளத்தை எண்ணி உருகுவர். அந்தக் குளத்தில் இறங்க எவருக்கு உரிமை இருந்தது என்று மட்டும் எழுதார்.

அதே திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்முடியனூர் என்றோர் ஊர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலில், தலைமுறை தலைமுறையாக வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள், 2023 சனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு முதன்முறை உள்ளே நுழைந்தனர். கோயில் அறநிலையத்துறையின்கீழ் உள்ளது; சட்டம் அவர்கள் பக்கம் நெடுங்காலமாக நின்றது; ஊர்தான் வழிமறித்து நின்றது. கோயிலில் நமக்கு நம்பிக்கை இல்லை. மனிதரை வாயிலில் நிறுத்தும் வழக்கத்தை உடைப்பதில் நம்பிக்கை உண்டு. அந்த ஊர்ச் சேரியிலிருந்து பட்டணம் போன இளைஞன் ‘தாத்தா ஊர்’ என்று தலைப்பிட்டால், மாந்தோப்புக் கதையா வரும்?

இந்தியச் சிற்றூர் அறியாமைக்கும் குறுகிய மனத்துக்கும் உறைவிடம் என்று அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிருணய சபையிலேயே இடித்துரைத்தார். நகரத்துக்கு உள்ள வசதியும் மதிப்பும் கிராமத்துக்கு இல்லாத ஏற்பாட்டையே ஒழிக்க வேண்டும் என்றார் பெரியார். மண்ணை வெறுத்துச் சொன்னவர்கள் அல்லர் இருவரும். மண்ணில் மனிதனை அழுத்திய பாரத்தை வெறுத்தவர்கள்.

அதற்காகப் பட்டணத்துக்குப் பல்லாண்டு பாட வேண்டியதில்லை. வீடு வாடகைக்குக் கேட்டால் ‘நீங்கள் சைவமா?’ என்று வினவிச் சாதியை மோப்பம் பிடிக்கும் தெருக்கள் அங்கும் உண்டு. ஆற்றோரக் குடிசைகள் பெயர்க்கப்படுவதும் அங்கேதான். எனினும் பேருந்து இருக்கையில் அருகே அமர்ந்தவன் குலம் கேட்பதில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை இல்லை. கன்னிமாரா நூலகத்திலோ, 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ நூலெடுப்பவனைத் தள்ளி நிற்கச் சொல்வார் இல்லை. உயிர்க்காட்சிச் சாலைப் புலியைவிட இந்த உரிமைகள் அல்லவா சிற்றூர்ப் பிள்ளை கண்டு வியக்க வேண்டிய காட்சிகள்! அவற்றைக் காணக் கற்பிக்காத கட்டுரை, பட்டணம் போயும் பட்டணத்தைக் காணாத கட்டுரை.

எழுதிக் காட்டியவர் உளர்

நாம் கேட்பது நடவாத ஒன்றன்று. வங்கக் கலைஞர் சத்யஜித் ரே 1956-இல் தந்த ‘அபராஜிதோ’ படத்தைக் காணுங்கள். புரோகிதத் தொழிலை உதறிய ஏழைச் சிறுவன் அபு, உதவித்தொகை பெற்றுக் கல்கத்தாவுக்குப் படிக்கப் போகிறான். போகும்போது அவன் கையில் ஒரு சிறு பூமி உருண்டை. விடுமுறைக்கு ஊர் வருகிறான். ஊர் அவனுக்குச் சலிக்கிறது. தாயோ அவன் வருகைக்காக நாள்களை எண்ணுகிறாள். எண்ணி எண்ணியே மாய்கிறாள். பட்டணம் போனது தவறு என்று படம் சொல்லவில்லை; விலையில்லாமல் போனான் என்றும் பொய் சொல்லவில்லை. போகாமல் நின்றவளின் முகத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. நம் இரண்டாம் கேள்விக்கு இது நேர்மையான விடை.

தமிழிலும் 2024-இல் மாரி செல்வராசின் ‘வாழை’ வந்தது. விடுமுறை நாளென்றால் வாழைத்தார் சுமக்க வேண்டுமே என்று அஞ்சும் சிறுவனை அப்படம் காட்டுகிறது. பள்ளி நாளை விரும்பி விடுமுறையை வெறுக்கும் பிள்ளை! பள்ளிக் கட்டுரைத் தலைப்பைத் தலைகீழாகப் புரட்டிய படம் அது. சில இடங்களில் இசையும் காட்சியும் நம் கண்ணீரை வலிந்து இழுக்கின்றன என்பது நம் குறை. ஆயினும், ஓய்வு என்பது உரிமை, அது எல்லோருக்கும் கிட்டவில்லை என்னும் உண்மையை அது உரக்கச் சொல்லிற்று.

மூன்றாம் கேள்வி எஞ்சுகிறது: திரும்பி வந்தவர் கொண்டுவந்தது என்ன? ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் சிறீபதி, 2023 நவம்பரில், பிள்ளை பெற்றுச் சில நாள்களே ஆன உடலோடு சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதினார். 2024 பிப்ரவரியில், 23-ஆம் வயதில், உரிமையியல் நீதிபதிப் பணிக்குத் தேர்வானார் என்னும் செய்தி நாடெங்கும் பரவிற்று. கடற்கரை காணப் போன பயணம் அன்று அது. நீதிமன்ற இருக்கையை மலைக்கு வாங்கி வந்த பயணம். ஆனால் எச்சரிக்கை! ஒருவர் வெற்றியைக் காட்டி, ‘முயன்றால் முடியும், போ’ என்று மற்றவரை விரட்டுவது முதலாளிகளின் பாட்டு. பச்சை உடம்போடு ஒரு பெண் பட்டணம் ஓடினால்தான் நீதி கிடைக்கும் என்ற நிலையை மாற்றுவதே நம் வேலை.

மலையிலும் பார்க்கத் தக்கது உண்டு என்பதையும் மறவாதீர்கள். அதே ஜவ்வாது மலைத் தொடரில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. யுரேனசுக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு 1977-இல் சான்று கண்ட நிலையங்களுள் அதுவும் ஒன்று. 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே விண்ணைத் துருவுகிறது. 1988-இல் அங்கே கண்டறிந்த சிறுகோளுக்கு இராமானுசன் பெயர் சூட்டப்பட்டது. கிரகத்துக்கு அஞ்சிப் பரிகாரம் தேடும் நாட்டில், கிரகத்தை அளந்து பார்க்கும் கூடம் மலைமேல் நிற்கிறது! அதன் அடிவாரத்துப் பிள்ளைக்கு முதல் சுற்றுலா அங்கேயன்றோ அமைய வேண்டும்?

தோழர்களே, வரும் கோடையில் மலைக்கு ஏறுங்கள். அருவியில் குளித்துத் திரும்ப மட்டும் அன்று. பத்துப் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். உங்கள் வீட்டில் தங்க வையுங்கள். உங்கள் தட்டில் உண்ண வையுங்கள். நூலகத்தில் உட்கார வையுங்கள். பள்ளி அடுப்பு கோடையிலும் எரிய வேண்டும் என்று ஊராட்சியிலும் சட்டமன்றத்திலும் கேளுங்கள். ஆசிரியத் தோழர்கள் கரும்பலகைத் தலைப்பை மாற்றுங்கள்: ‘கோடையில் நான் கண்டதும் செய்ததும்.’ சாந்துச் சட்டியையும் தூளியையும் எழுத அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். அவன் எழுதும் முதல் பக்கத்தில் புதிய தமிழ் இலக்கியம் தொடங்கும்.