கடிகாரத்தை யார் எடுத்தது?

‘தி ஃபாதர்’ (2020) பார்த்துவிட்டீர்களா? பிரெஞ்சுக்காரர் ஃப்ளோரியன் ஸெல்லர் தன் நாடகத்தையே படமாக்கியிருக்கிறார். லண்டன் ஃபிளாட்டில் ஒரு கிழவர். கைக்கடிகாரத்தைக் காணோம், பார்த்துக்கொள்ள வந்த பெண்தான் திருடிவிட்டாள் என்கிறார். ஒளித்து வைத்ததே அவர்தான்.

நம் சினிமாவில் ஞாபக மறதி என்றால் ஒன்று காமெடி, இல்லாவிட்டால் சோக வயலின். ஸெல்லர் வேறு வேலை செய்கிறார். மகளாக ஒலிவியா கோல்மன் வருகிறார். சற்று நேரத்தில் அதே மகள் என்று வேறொரு நடிகை வந்து நிற்கிறார். சுவர், நாற்காலி எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகின்றன. ‘என்னய்யா இது, கணக்கு உதைக்குதே’ என்று முழிக்கிறோம். கிழவருக்கு தினம் தினம் அதுதான் நடக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கிறது.

வயசானாலே மூளை மழுங்கும் என்பவர்களுக்கு ஆன்டனி ஹாப்கின்ஸே பதில். 2021-ல் இந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 83. மூப்பு வேறு, டிமென்ஷியா என்கிற வியாதி வேறு.

குறை? மகளின் களைப்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரே கேள்வியை நாலாவது முறை கேட்கும்போது, ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று எரிந்து விழாதீர்கள். அவருக்கு அது முதல் தடவை.