ஸபா என்றால் அழுகையா?

கிராஅத் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறவர்கள் கையில் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது. கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் கைபேசி வழியே அது சுற்றித் திரிகிறது. இடப்பக்கம் மகாம்களின் பெயர்கள், வலப்பக்கம் உணர்ச்சிகள். ரஸ்த் என்றால் கம்பீரம், ஹிஜாஸ் என்றால் ஏக்கம், அஜம் என்றால் மகிழ்ச்சி, ஸபா என்றால் சோகம். பிள்ளைகள் இதை வாய்ப்பாடு மாதிரி மனனம் செய்கிறார்கள். வேதனை பற்றிய வசனம் வந்தால் ஸபா, சுவர்க்கம் வந்தால் அஜம். தமிழ் படிப்பிக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இதே அட்டவணைப் புத்திதான் நம் தமிழ்ச் செய்யுளையும் இஸ்லாமியப் பாடல்களையும் கேட்கிற காதைக் கெடுக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

அட்டவணை முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. ஸபாவில் நான்காம் சுரம் வழக்கமான இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. பாட்டு மேலே எழும்பப் பார்த்து, ஏதோ தடுத்தது போலச் சுருங்கிக்கொள்கிறது. அந்த நெருக்கம் நெஞ்சில் படுவது உண்மை. ஆனால் நெருக்கத்துக்கு ஒரே அர்த்தம்தானா? துருக்கியில் உஸ்மானியர் காலம் தொட்டு வரும் மரபில் சுபஹு பாங்கை ஸபாவில்தான் சொல்கிறார்கள். அஸருக்கு ரஸ்த், மஃரிபுக்கு ஸெகாஹ். சுபஹு பாங்கு யாரையும் அழவைக்கச் சொல்வதல்ல, தூங்குகிறவனை எழுப்பச் சொல்வது. ஸபா என்ற சொல்லுக்கே அரபியில் கீழ்க்காற்று என்றுதான் பொருள். தப்ஸீர்க் கதைகளில் யூசுப் நபியின் வாசனையைத் தந்தை யஃகூப் நபியிடம் கொண்டுபோவதும் இந்தக் காற்றுத்தான். மகனை இழந்து கண்ணும் இழந்திருந்தவருக்கு முதலில் வந்து சேர்ந்த நற்செய்தி அது. இதைச் 'சோகம்' என்ற ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

ஹிஜாஸ் இன்னும் சுவாரசியமானது. அதன் முதல் நான்கு சுரங்களை நம் பக்கத்து இசைக்குக் கொண்டுவந்தால் மாயாமாளவகௌளையின் ச ரி க ம கிடைக்கும். ஹிஜாஸ்கார் என்ற மகாமின் ஏழு சுரங்களும் அந்த இராகத்தின் ஏழு சுரங்களே. அரபு உலகில் இந்த ஒலி பாலைவன ஏக்கம். ஐரோப்பியத் திரைப்படக்காரருக்கோ பாம்பாட்டி வரும் காட்சி. கர்நாடக சங்கீதம் கற்கிற குழந்தைக்கு அது வெறும் அரிச்சுவடி. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையை இன்றும் அந்த இராகத்தில்தான் தொடங்குகிறார்கள். விடிய எழும்பி கொட்டாவி விட்டுக்கொண்டு ச ரி க ம சொல்கிற பிள்ளையிடம் போய் "மகள், இது ஏக்கத்தின் சுரம்" என்றால் அது சிரிக்கும்.

சுரம் ஒன்று, உணர்ச்சி மூன்று என்றால் உணர்ச்சி சுரத்தில் மட்டும் இல்லை என்றாகிறது. பழக்கத்தில் இருக்கிறது, சந்தர்ப்பத்தில் இருக்கிறது, கேட்பவனிடம் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஸமாஉ பற்றி எழுதிய பகுதியில் அபூ ஸுலைமான் அத்தாரானியின் கருத்தொன்றை எடுத்துக்காட்டுகிறார்கள்: இசை, உள்ளத்தில் இல்லாததை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் கிளறிவிடுகிறது. இந்த விஷயத்தில் நான் படித்தவற்றுள் இதைவிடத் தெளிவான பேச்சு இல்லை. ஜெர்மனியில் ஷூபார்ட் என்பவரும் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு குணம் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1806ல் நூலாக வந்தது. அதுவும் ஓர் அட்டவணைதான்.

தமிழர்களிடமும் இந்தப் பட்டியல் ஆசை உண்டு. தொல்காப்பியர் திணைக்குரிய கருப்பொருள்களில் யாழையும் சேர்த்தார். புறநானூற்றில் புண்பட்ட வீரனுக்குக் காஞ்சி பாடுகிறார்கள், இரங்கலுக்கு விளரி. பின்னாளில் முகாரி வந்தது. வீட்டில் யாராவது புலம்பினால் "முகாரி பாடாதே" என்கிறோம். பாவம் அந்த இராகம்! தியாகராஜர் அதில் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடியிருக்கிறார். அங்கே ஒப்பாரி ஏது?

நமது புலவர்களிடம் வருவோம். குணங்குடி மஸ்தான் சாகிபு ஆனந்தக் களிப்பு பாடினார். தாயுமானவரும் பாடினார், கடுவெளிச் சித்தரும் பாடினார். பெயரிலேயே ஆனந்தமும் களிப்பும் இருக்கிறது. கடுவெளியார் அந்த நடையில் உடம்பு நிலையாது, பாவம் செய்யாதே என்று எச்சரித்தார். தாயுமானவருக்கு அது குருவருள் கிடைத்த பரவசம். அதே துள்ளல் குணங்குடியாரிடம் வரும்போது களிப்பும் தாபமும் ஒன்றுக்கொன்று விலகாமல் கிடக்கின்றன. துள்ளும் மெட்டில் மரணத்தைச் சொல்லும்போதுதான் மரணம் உறைக்கிறது. சோகத்துக்குச் சோக மெட்டு என்று போட்டிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

நம் கண்டி மண்ணின் அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரின் கண்டிக் கலம்பகத்தை எடுத்துக்கொண்டால், கலம்பகம் என்ற வகையே கலவைக்காக ஏற்பட்டது. அம்மானை, ஊசல், களி, மடக்கு என்று பாவும் ஓசையும் மாறிக்கொண்டே போகும். ஓசையைத் தருவது புலவரின் வேலை, இராகம் பாடுகிறவன் கையில். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இதற்கு நல்ல சாட்சி. வேடன் கையில் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி குட்டியோடு வருகிறது, வேடன் ஈமான் கொள்கிறான். அந்தக் காலத்தில் சீறா படிக்கிறவர்கள் இதை விருத்தமாக இழுத்துப் பாடுவார்கள். மான் பேசும் இடம் முழுக்க முகாரியில் பாடினால் கேட்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள், சரி. ஆனால் மான் அங்கே அழுவதோடு நிற்கவில்லை, வாக்குக் கொடுக்கிறது. குரலில் உறுதி வேண்டும். வேடனின் ஏளனம் ஒன்று, திரும்பி வரும்போது பிறக்கும் வியப்பு இன்னொன்று. நல்ல பாடகன் விருத்தத்துக்கு விருத்தம் இராகத்தை மாற்றிக்கொண்டு போனதன் காரணம் இதுதான். கதையின் அர்த்தம்தான் அவனை இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் ஊர்ப்பக்கம் மவ்லூதில் ஒரு பைத்து மெட்டு உண்டு. ரபீஉல் அவ்வலில் பள்ளியில் ஓதுவார்கள். மாப்பிள்ளையைக் கூட்டிப்போகும்போதும் அதேதான், கத்தம் வீட்டிலும் அதேதான். கலியாண வீட்டில் அதைக் கேட்டால் சீனி மாதிரி இருக்கும். மையித்துப் போன வீட்டில் கேட்டால் தொண்டை அடைக்கும். எந்த லெப்பையும் மெட்டை மாற்றினதில்லை. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த மெட்டுத் தெரியாது. "பழைய மெட்டு சேர், ஒரு பீலிங்கும் இல்ல" என்றான் ஒருவன். பீலிங் என்று அவன் சொல்வது எதிரொலிக் கருவி போட்டுப் பதிந்த நஷீத்களின் அழுகைக் குரலை.

அந்த அழுகைக் குரல் இன்று கிராஅத்திலும் புகுந்துவிட்டது. ஸூரா நிஸாவில் வாரிசுப் பங்குகளைச் சொல்லும் வசனங்களைக்கூட விம்மி விம்மி ஓதுகிறார்கள். மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்பதற்கு ஏன் விம்மல்? மகாம் பயில்வது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. எகிப்தின் முஸ்தபா இஸ்மாயீல் (1905–1978) ஓதுவதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பயாத்தியில் தொடங்கி, பல மகாம்களுக்குள் போய் வந்து, பயாத்தியிலேயே முடிக்கும் மரபு அவர்களுடையது. மகாம் மாறும் இடங்களில் அர்த்தமும் திரும்புவதைக் காணலாம். ஸூரா யூசுபில் பாழ்ங்கிணறும் உண்டு, சிறையும் உண்டு, சகோதரர்களை மன்னிக்கும் சபையும் உண்டு. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இதை ஓத முடியாது. அரபியில் என்ன சொல்லப்படுகிறது என்று அந்தப் பிள்ளைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் நாங்கள் செய்வதும் இதற்குக் குறைந்ததல்ல. செய்யுளை வாய்விட்டுப் படிக்காமல் பொருளை மட்டும் எழுதிக்கொடுத்து, அடியில் 'சுவை: அவலம்' என்று போடவைக்கிறோம். இந்தத் தவணை மானுக்குப் பிணை நின்ற படலத்தை ஒன்பதாம் வகுப்புக்கு மூன்று விதமாகப் பாடிக் காட்டச் சொல்லி, எங்கள் பாடசாலையில் நல்ல குரலுள்ள ஒரு மௌலவியைக் கேட்டிருக்கிறேன். சுவையின் பெயரைக் கரும்பலகையில் எழுதப் போவதில்லை.