மரத்தில் இழைத்த வேகம்

பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிப் பிரதேசத்தில், எலிஸ்பர்க் என்னும் சிற்றூருக்கு அருகே, ஓடைக்கரை மரங்களின் நிழலில் அமைந்திருக்கும் கனோபல்ஸ் கேளிக்கைப் பூங்காவில், வண்டியை நிறுத்துவதற்கும் உள்ளே நுழைவதற்கும் யாரும் காசு கேட்பதில்லை. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும். 1926 முதல் ஒரே குடும்பத்தார் நடத்திவரும் இடம் அது. நுழைவுக்குக் காசில்லாததால் பாட்டிமார் சாப்பாட்டுக் கூடையுடன் வந்து மரத்தடி மேஜைகளில் ஆற அமர உட்கார்ந்திருக்க, பேரப்பிள்ளைகள் சீட்டுக்களை எண்ணிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்குள்ள குடைராட்டினத்தின் கைவேலைக் குதிரைகளைப் பற்றியே தனியாக ஒரு வியாசம் எழுதலாம். ஆனால் ரசிகர்கள் தொலைதூரத்திலிருந்து தேடிவருவது ‘ஃபீனிக்ஸ்’ என்னும் மர ரோலர் கோஸ்டரைத்தான்.

அதன் உச்சம் 78 அடி. உச்சவேகம் மணிக்கு 45 மைல். 400 அடியைத் தாண்டிய எஃகு அமைப்புகள் எழும்பிவிட்ட தேசத்தில் இந்த உயரம் ஒரு பொருட்டே இல்லை. அப்படியிருந்தும், ‘அம்யூஸ்மெண்ட் டுடே’ பத்திரிகையின் கோல்டன் டிக்கெட் விருது, சிறந்த மர ரோலர் கோஸ்டர் என்ற வரிசையில், 2018-இல் இதற்குக் கிடைத்தது, பின்னரும் கிடைத்திருக்கிறது. உயரத்தையும் வேகத்தையும் பணமுள்ளவர் எவரும் வாங்கிவிடலாம்; ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் விடவேண்டும் என்ற விவேகத்தை வாங்கமுடியாது. இக்கலையின் ஜீவன் அந்த விவேகத்திலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதல் ஏற்றத்தில் சங்கிலி இழுத்துக்கொண்டுபோய் உச்சியில் விட்டபிறகு, வண்டிக்கு வேறு எந்த யந்திரத்தின் துணையும் கிடையாது. பெற்ற உயரத்தையே சிறுகச் சிறுகச் செலவழித்துக்கொண்டு, உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் இழந்துகொண்டு, அது நிலையத்துக்குத் திரும்பிவரவேண்டும். மேட்டின் முகட்டை வேகமாகக் கடந்து பாதை கீழ்நோக்கி வளையும்போது, வண்டி பாதையோடு இறங்க, மேலே போய்க்கொண்டிருந்த நம் தேகமோ அந்தப் போக்கை உடனே விட மனமில்லாமல் ஆசனத்திலிருந்து எழும்பிவிடுகிறது. தேகம் எழும்பலாம், வண்டி எழும்பலாகாது! ஜான் மில்லர் என்ற நிபுணர் 1919-இல் காப்புரிமை பெற்ற, பாதைக்கு அடியில் பற்றிக்கொண்டு உருளும் சக்கரம் இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. அதன் பிறகே மேடுகளைத் தைரியமாகச் செங்குத்தாக்க முடிந்தது.

பாதையோ, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடித்து, மேலே மெல்லிய எஃகுப் பட்டை பதித்துச் செய்தது. மரம் வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு உப்பும். வண்டி பாய்ந்து வரும்போது சாரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்படி சற்றே அசைந்து, பாரத்தை வாங்கிக்கொண்டு, பழைய நிலைக்கு மீளும். அந்த நெகிழ்ச்சி குறையன்று. நெகிழாமல் விறைத்து நின்றால்தான் மரம் முறியும். தச்சர் பாதையோரமாக ஏறி நடந்து, தளர்ந்த ஆணியை அடித்து, தேய்ந்த பலகையை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்; அந்தப் பராமரிப்பைக் கைவிட்ட இடங்களில் மரப்பாதை பல்லை உடைக்கும் என்பதும் உண்மையே. பழியை மரத்தின்மேல் போடுவது அநியாயம்.

ஃபீனிக்ஸில் நிலையத்தை விட்டதும் நீண்ட இருட்டுச் சுரங்கம் ஒன்று வருகிறது. பக்கத்திலிருப்பவர் முகம்கூடத் தெரியாது. வெளிச்சத்துக்கு வந்தால் சங்கிலி பற்றிக்கொள்கிறது. வண்டி பின்னால் சரியாமல் தாங்கும் கொக்கி ‘டக் டக்’ என்று ஒவ்வொரு பல்லாகத் தாவும் ஒலியிலேயே பயமும் குதூகலமும் ஏறத் தொடங்கிவிடுகின்றன. மடிமேல் வரும் கம்பி ஒரே நிலையில் நிற்பதால், தொடைக்கும் அதற்கும் நடுவே தாராளமான இடைவெளி விட்டுவிடுகிறது. முகடுதோறும் நாம் எழும்புவதற்கு இதுவே அனுகூலம். பாதி இறங்கியதும் ஒருகணம் சமனாகி மறுபடி இறங்கும் இரட்டை இறக்கமும் உண்டு. ஆனால் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் வரும் கோர்வையைப்போல், கடைசியில் சிறு மேடுகள் அடுத்தடுத்து நெருங்கிவந்து, ஒன்றில் எழும்பியவர் உட்கார்ந்து தீருமுன் இன்னொன்றில் எழுப்பிவிடும் இடமே இதன் சிகரம்.

இதைத் திட்டமிட்டவர் பிலடெல்பியா டொபாகன் கம்பெனியின் ஹெர்பர்ட் ஷ்மெக். 1947-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஸான் அன்டோனியோ நகரின் பிளேலண்ட் பூங்காவில், ‘ராக்கெட்’ என்ற பெயரில் இது எழும்பியது. 1980-இல் அப்பூங்கா மூடப்பட்டபின் ஆளற்று நின்ற இந்தச் சாரத்தை, கனோபல்ஸ் குடும்பத்தார் விலைக்கு வாங்கி, சார்லஸ் டின் என்பவரின் மேற்பார்வையில் துண்டு துண்டாகப் பிரித்து, அடையாளமிட்டு, தேசத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கொண்டுவந்து, 1985-இல் மறுபடி நிறுத்தி ஓட்டினார்கள். பழைய மர அமைப்பை இடித்துத் தள்ளுவதே சுலபம் என்று நினைத்த காலத்தில் செய்த காரியம் அது. கலையை ரசிப்பவர்கள் அவர்களுக்கு ஒரு நமஸ்காரம் செலுத்தக் கடமைப்பட்டவர்கள்.

அங்கே போகும் வாய்ப்புப் பெறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பகலில் ஒருமுறை ஏறினாலும், சக்கரங்கள் நாள் முழுதும் ஓடிச் சூடேறி வண்டி வேகம் கூடியிருக்கும் இரவில் இன்னொரு முறை ஏறுங்கள், முன்வரிசைக்குப் போட்டியிடாமல், முகட்டைத் தாண்டும்போது முன்பெட்டிகள் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் கடைசிப் பெட்டியையே கேட்டு உட்காருங்கள்.